கிரூசோ எதற்காகக் கப்பல் ஏறினான்?

செங்காந்தள் எழுதியது:

வணக்கம். டேனியல் டீஃபோ எழுதிய ராபின்சன் கிரூசோ நாவலை முழுசாகப் படித்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு ஒரு விஷயம் தெளிவாக வேண்டும்.

என் மகள் ஏழாம் வகுப்பு. ஆங்கிலத்துக்கு நான்-டீடெய்லாக இந்தக் கதையின் சுருக்கம் வைத்திருக்கிறார்கள். அப்பா பேச்சைக் கேட்காத பையன், புயல், ஆளில்லாத தீவு, ஆட்டுத்தோல் குடை, அங்கே அவன் காப்பாற்றிக் கூட வைத்துக்கொள்ளும் ஃப்ரைடே, கடைசியில் இங்கிலாந்து. நானும் இதே சுருக்கத்தைப் படித்துத்தான் வளர்ந்தேன். அவளுக்குச் சொல்லிக் கொடுக்க உதவுமே என்று மூல நாவலை எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிகிறது, தீவுக்கு வருவதற்கு முன்பே அங்கே ஒரு பெரிய கதை இருக்கிறது.

கிரூசோவை மொராக்கோ கடற்கொள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். சாலே துறைமுகத்தில் ஏறக்குறைய இரண்டு வருடம் அவனே அடிமையாக இருக்கிறான். எஜமானுடைய மீன்பிடி படகைக் கிளப்பிக்கொண்டு, ஷூரி என்ற பையனுடன் தப்பிக்கிறான். பிறகு அந்த ஷூரியையே ஒரு போர்த்துகீசியக் கேப்டனிடம் விற்றுவிடுகிறான்! பிரேசிலில் தோட்டம் போடுகிறான். அங்கேயிருந்து 1659 செப்டம்பர் 1 அன்று மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்கு அடிமை வாங்கத்தான் கப்பல் ஏறுகிறான். செப்டம்பர் 30 அன்று தீவில் ஒதுங்குகிறான். நாம் பள்ளியில் படித்த 'புயல்' இந்தப் பயணத்தில் வந்த புயல்தான்.

இப்போது நான் மணலில் காலடித் தடம் பார்க்கும் இடம் வரை வந்திருக்கிறேன். இவ்வளவு நேரமும் அவன் அழுகிறான், காய்ச்சலில் புலம்புகிறான், பைபிள் படிக்கிறான், பாவம் பாவம் என்கிறான். ஆனால் எதற்காகக் கப்பல் ஏறினான் என்பது அவனுடைய பாவக் கணக்கில் எனக்குத் தட்டுப்படவே இல்லை. பின்னால் எங்காவது வருகிறதா? அல்லது நாவலுக்கே அது ஒரு விஷயம் இல்லையா?

இன்னொன்று. மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா அவன் ஃப்ரைடே தலைல கால் வைக்கிறான்?" என்று கேட்டாள். "அவன் வைக்கல, ஃப்ரைடேதான் எடுத்து வச்சுக்கிறான்" என்றேன். "அதான் ஏன்?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நெய்தல்வாசி எழுதியது:

நாவல் வந்தது 1719-இல். அன்றைக்கு இங்கிலாந்தில் அடிமை வியாபாரம் ஊரறிந்த, சட்டம் அனுமதித்த தொழில். இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் பழைய இலக்கியம் எதுவுமே தேறாது.

அதோடு, கிரூசோவுக்கு மனசாட்சி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நீங்கள் நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் படியுங்கள். தீவுக்கு வந்து மனிதர்களைக் கொன்று தின்கிறவர்களைப் பதுங்கியிருந்து சுட்டுத் தள்ளத் திட்டம் போடுகிறான். பிறகு அவனே யோசிக்கிறான்: இவர்களுக்கு நீதிபதியாகவும் கொலையாளியாகவும் இருக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அப்படிச் செய்தால் அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களை அழித்த ஸ்பானியர்களின் கொடுமையை நானே நியாயப்படுத்தியது போல ஆகாதா? 1719-இல் ஒரு ஆங்கிலேயர் இப்படி எழுதியதே பெரிய விஷயம். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேரேடு எழுதியது:

கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். மற்றவர்களுக்கு இது சாகசக் கதை, எனக்கு ரொக்கப் புத்தகம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஷூரி. ஆப்பிரிக்கக் கரையோரமாகப் படகில் வரும்போது குடிதண்ணீர் தீர்ந்துபோகிறது. கரையில் யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது, ஒன்றும் தெரியாது. நான் இறங்கிப் போய்க் கொண்டுவருகிறேன் என்கிறான் பையன். நீ ஏன் போக வேண்டும், நான் போகிறேனே என்று கிரூசோ கேட்கிறான். காட்டு மனிதர்கள் வந்தால் என்னைத் தின்னட்டும், நீங்கள் தப்பித்துப் போய்விடலாம் என்கிறான் ஷூரி. அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து அவன்மீது எனக்கு அன்பு வந்துவிட்டது என்று கிரூசோவே எழுதுகிறான்.

சில பக்கங்கள் தாண்டினால் போர்த்துகீசியக் கப்பல் வருகிறது. கேப்டன் நல்ல மனிதர், கப்பல் கூலி வேண்டாம் என்கிறார். படகுக்கு 80 ஸ்பானிய வெள்ளி தருகிறார். பையனுக்கு 60. பிரேசிலில் இறங்கியதும் சிங்கத் தோலுக்கு 40 டுக்காட், சிறுத்தைத் தோலுக்கு 20. கிரூசோ தயங்குவது உண்மைதான். என் விடுதலைக்கு உதவியவனுடைய விடுதலையை நான் விற்பதா என்று சொல்லத்தான் சொல்கிறான். கிறிஸ்தவனாக மாறினால் பத்து வருடத்தில் விட்டுவிடுகிறேன், எழுதியே தருகிறேன் என்கிறார் கேப்டன். ஷூரியும் சரி என்கிறான். நடுக்கடலில் வேறு என்ன சொல்வான்?

இப்போது கணக்கைப் பாருங்கள். பிரேசிலில் இறங்கும்போது எல்லாச் சரக்கையும் விற்றுக் கையில் இருந்தது சுமார் 220 வெள்ளி என்கிறான். அதில் 60 ஷூரியின் விலை. ஆக, அந்தத் தோட்டத்துக்குப் போட்ட முதலில் கால் பங்குக்கு மேல் அந்தப் பையன்தான். நாவல் இதைக் கூட்டிச் சொல்வதில்லை, இரண்டு எண்களையும் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது.

ஷூரியைப் பற்றிப் பின்னால் ஒரு தடவை வருத்தப்படுகிறான். தோட்டத்தில் வேலைக்கு ஆள் போதவில்லை. அப்போதுதான், ஷூரியை விட்டது தப்பு என்று முன்னைவிட நன்றாகத் தெரிந்தது என்று எழுதுகிறான்.

அடுத்து கினிப் பயணம். இவன் முன்பு ஒரு முறை கினிக்குப் போய் லாபம் பார்த்தவன். பாசிமணி, பொம்மை, கத்தி, கத்தரிக்கோல், கோடரி, கண்ணாடித் துண்டு இவற்றைக் கொடுத்தால் அங்கே பொன்தூளும் யானைத் தந்தமும் மட்டுமல்ல, ஆட்களும் கிடைப்பார்கள் என்று பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் கதை அளக்கிறான். மறுநாள் காலையில் மூன்று பேர் வந்து, ரகசியமாக ஒரு கப்பல் அனுப்புகிறோம், நீ சரக்குக்குப் பொறுப்பாகப் போ, ஒரு காசு போட வேண்டாம், அடிமைகளில் சம பங்கு உனக்கு என்கிறார்கள். முதல் இல்லாத பங்கு! கணக்குத் தெரிந்த எவனுக்கும் நாக்கில் எச்சில் ஊறும்.

செங்காந்தள், உங்கள் கேள்விக்கு நேரான பதில் இனிமேல்தான். கிரூசோ அந்தப் பயணத்துக்காக வருத்தப்படும் இடம் நாவலில் இருக்கிறது. தீவில் இருபத்து நாலாவது வருடம், ஃப்ரைடே வருவதற்குக் கொஞ்சம் முன்னால். அப்பா பேச்சைத் தட்டியதுதான் என் ஆதிப் பாவம் என்று ஆரம்பிக்கிறான். நன்றாக நடந்துகொண்டிருந்த தோட்டத்தை விட்டுவிட்டு, அடிமை கொண்டுவர கினிக்குப் போக எனக்கு என்ன வந்தது என்று கேட்டுக்கொள்கிறான். அடடா, வந்துவிட்டான் என்று நினைப்போம். அடுத்த வரியில் காரணம் சொல்கிறான்: பொறுமையாக இருந்திருந்தால் கையில் பணம் சேர்ந்திருக்கும், அந்த வியாபாரிகளிடம் வீட்டு வாசலிலேயே அடிமைகளை வாங்கியிருக்கலாம், விலை கொஞ்சம் கூடுதல்தான், அந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்க இவ்வளவு ஆபத்தில் இறங்கியிருக்கக் கூடாது.

இந்த இடத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். இவன் மறதிக்காரன் இல்லை. தீவுக்கு வந்த புதிதிலேயே நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பற்று-வரவு எழுதியவன். கப்பலில் பணத்தைப் பார்த்து, உன்னால் இனி என்ன பிரயோசனம் என்று திட்டிவிட்டு, இன்னொரு முறை யோசித்து அதையும் மூட்டை கட்டிக்கொண்டவன். அப்படிப்பட்டவனுடைய கணக்கில் கினிப் பயணம் விட்டுப்போகவில்லை. எழுதப்பட்டிருக்கிறது, கொள்முதல் செலவு என்ற தலைப்பில்.

நெய்தல்வாசி சொன்ன ஸ்பானியர் பகுதி உண்மை. அதனாலேயே எனக்கு இது இன்னும் உறுத்துகிறது. தன்னைத் தானே கேள்வி கேட்கத் தெரிந்த மனம் அது, மனிதர்களைச் சுடும் விஷயத்தில் கேட்கிறது, வாங்கும் விஷயத்தில் கேட்கவில்லை. 'அந்தக் காலம் அப்படி' என்பதிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 1688-இலேயே பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் ஊரில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அடிமை முறையே தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் விடுங்கள், டீஃபோவே 1702-இல் எழுதிய ஒரு அங்கதக் கவிதையில், அற்பப் பொருளைக் கொடுத்து மனித ஆத்மாவை வாங்குகிறார்கள் என்று இந்த வியாபாரிகளைச் சாடியிருக்கிறார். பிறகு அதே டீஃபோ தன்னுடைய 'ரிவ்யூ' இதழில் ஆப்பிரிக்க வியாபாரத்துக்கு ஆதரவாக எழுதுகிறார். 1713-இல் ஸ்பானிய அமெரிக்காவுக்கு வருடம் 4,800 அடிமைகள் வீதம் 30 வருடம் கொண்டுபோகும் உரிமை பிரிட்டனுக்குக் கிடைக்கிறது. நாவல் அதற்கு ஆறு வருடம் கழித்து. எனவே டீஃபோவுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கடைசிப் பதிவையும் சொல்லிவிடுகிறேன். தீவிலிருந்து மீண்டு லிஸ்பனுக்குப் போய் விசாரித்தால், தோட்டம் அத்தனை வருடமும் ஓடியிருக்கிறது. ரொக்கமாக 5,000 ஆங்கிலப் பவுண்டுக்கு மேல், வருட வருமானம் 1,000 பவுண்டுக்கு மேல். பிரேசில் கூட்டாளி கடிதம் எழுதுகிறார்: தோட்டம் எவ்வளவு பரப்பு, என்ன பயிர், எத்தனை அடிமைகள் என்று விவரம் கொடுத்து, நீ உயிரோடு இருப்பதற்கு நன்றியாக இருபத்திரண்டு சிலுவைக் குறி போட்டு, அத்தனை முறை மாதாவை வேண்டிக்கொண்டேன் என்கிறார். சிலுவைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் கிரூசோ, அடிமைகளின் எண்ணிக்கையை நமக்குச் சொல்வதில்லை.

எஞ்சின்_அறை எழுதியது:

பேரேடு ஐயா, நான் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவன். நாவலில் எனக்குப் பிடித்தது உடைந்த கப்பலிலிருந்து சாமான் இறக்கும் பகுதிதான். பதிமூன்று நாளில் பதினொரு தடவை கப்பலுக்குப் போய் வருகிறான். ஒடிந்த பாய்மரக் கட்டைகளைக் கட்டித் தெப்பம், நீரேற்றம் கரைப் பக்கம் ஓடும் நேரம் பார்த்துத் தள்ளுவது, எடை ஒரு பக்கம் சாய்ந்து சரக்கு கடலில் விழப் போகும்போது முதுகைக் கொடுத்துத் தாங்கி நிற்பது. கடல் தெரிந்தவர்கள் சொல்லக் கேட்டு எழுதிய மாதிரி இருக்கும். தச்சன் பெட்டி கிடைத்ததும் ஒரு கப்பல் நிறையத் தங்கத்தைவிட அது பெரிது என்கிறான். சரிதான்.

நீங்கள் சொன்ன சரக்குப் பட்டியலில் கோடரி இருந்ததே, அதைப் பற்றி ஒன்று. ஏப்ரல் 22-ஆம் தேதி நாட்குறிப்பைப் பாருங்கள். கடினமான மரத்தை வெட்டி வெட்டி ஆயுதமெல்லாம் மழுங்கிவிட்டது என்று புலம்புவான். சாணைக்கல் இருக்கிறது, ஆனால் கல்லையும் சுற்றி ஆயுதத்தையும் பிடிக்க இரண்டு கை போதாது. யோசித்து, ஒரு சக்கரத்தில் கயிறு கட்டிக் காலால் சுற்றுகிற மாதிரி செய்கிறான், இரண்டு கையும் ஃப்ரீ. ஒரு வாரம் முழுக்க ஆகிறது. அந்த இடத்தில் போகிற போக்கில் சொல்வான்: என்னிடம் கோடரி ஏராளம், ஏனென்றால் அங்குள்ள ஆட்களோடு பண்டமாற்றுச் செய்யத்தான் கொண்டுபோனோம். குடிசைக்குக் கம்பு வெட்டியது, வேலி போட்டது, மரத்தைச் செதுக்கிப் பலகை எடுத்தது, எல்லாம் அடிமை வாங்க வைத்திருந்த கோடரிதான். தனி ஆளாக ஒரு பலகை செய்ய அவனுக்கு நாற்பத்திரண்டு நாள் ஆனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரம்பக்காரர் இரண்டு பேர் இருந்தால் அதே மரத்தில் அரை நாளில் ஆறு பலகை அறுத்திருப்பார்கள் என்று அவனே சொல்வான். மனித உழைப்புக்கு என்ன விலை என்று அந்த ஆளைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் கிடையாது.

கொட்டியாரத்தான் எழுதியது:

இந்தக் கதைக்கு எங்கட பக்கத்திலும் ஒரு நூல் ஓடுது. திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடா, மூதூர். 1659 கடைசியில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று, மரம் போட்டுச் சரிபார்க்க அங்கே வந்தது. 1660-இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் ராபர்ட் நொக்ஸையும் இன்னும் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பா அடுத்த வருடமே காய்ச்சலில் செத்துப்போனார். மகன் பத்தொன்பது வருடத்துக்கு மேல் கண்டி நாட்டில் இருந்தார். சிறைக்கூண்டு இல்லை, நாட்டை விட்டுத்தான் போக முடியாது. தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், ஊர் ஊராக வியாபாரம் செய்தார். தான் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து ஒரு கிழவரிடம் ஆங்கில பைபிள் வாங்கினார். 1679-இல் இன்னொரு ஆங்கிலேயருடன் அநுராதபுரம் வழியாகப் போய், மல்வத்து ஓயா என்கிற எங்கட அருவியாற்றைப் பிடித்து, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

1681-இல் அவர் இலங்கையைப் பற்றி எழுதிய புத்தகம் லண்டனில் வந்தது. டீஃபோ அதைப் படித்தவர். கிரூசோவுக்கு அடுத்த வருடம் எழுதிய நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கி அப்படியே சேர்த்திருக்கிறார். அப்ப தனிமை, பைபிள், கைத்தொழில், கணக்கு எல்லாம் எங்கேயிருந்து வந்திருக்கலாம் என்று நீங்களே யோசியுங்கோ.

நான் சொல்ல வந்தது அதுக்குப் பிறகு நடந்ததை. ஊருக்குத் திரும்பிய நொக்ஸுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு கப்பலைக் கொடுத்தது. சில வருடத்திலேயே அந்தக் கப்பலை மடகாஸ்கருக்குக் கொண்டுபோனார், செயின்ட் ஹெலினா தீவுக்கு அடிமை வாங்க. பத்தொன்பது வருடம் பிடிபட்டுக் கிடந்த மனுசன். கிரூசோ செய்ததை ஒரு உண்மையான ஆளே முன்னுக்குச் செய்து காட்டியிருக்கிறார். தான் பட்டது தனக்கு நடந்த அநியாயம், மற்றவனுக்கு நடப்பது தொழில் என்று ஒரே தலைக்குள் இரண்டும் இருந்திருக்கு.

நெய்தல்வாசி எழுதியது:

நொக்ஸ் விஷயம் எனக்குப் புதிது. 1702 கவிதையும்தான். ஆனாலும் ஃப்ரைடேயை ஷூரியோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. ஃப்ரைடேயை அவன் விற்கவில்லை, கடைசி வரை கூடவே வைத்திருந்தான், அவனுடைய அப்பாவைக் காப்பாற்றினான்.

செங்காந்தள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அந்த இருபத்து நாலாவது வருடப் பகுதியைத் தேடிப் படித்துவிட்டேன், பேரேடு ஐயா. 'விலை கொஞ்சம் கூடுதல்தான்' என்ற வரியில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

நெய்தல்வாசி, ஃப்ரைடேக்குச் சம்பளம் என்று எங்கேயாவது வருகிறதா? இத்தனை எண் எழுதுகிறவன் அதை மட்டும் எழுதாமல் விட்டிருப்பானா?

மகளுடைய கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தக் காலைத் தலையில் வைக்கும் காட்சி டீஃபோ எங்கேயாவது கேள்விப்பட்டதா, அவராகவே கட்டியதா?

பேரேடு எழுதியது:

சம்பளம் வரவில்லை அம்மா. நானும் தேடியிருக்கிறேன். காலைத் தலையில் வைத்ததற்கு, என்றைக்கும் என் அடிமையாக இருப்பதாகச் சத்தியம் செய்கிறான் போல என்று அர்த்தம் சொல்வது கிரூசோதான். ஃப்ரைடேயிடம் யாரும் கேட்கவில்லை, கேட்க அப்போது இருவருக்கும் பொது மொழியும் இல்லை. அவனுக்குப் பேர் வைத்த கையோடு தன்னை எஜமான் என்று கூப்பிடக் கற்றுக்கொடுக்கிறான். தன்னுடைய பேரைச் சொன்னதாகத் தெரியவில்லை. மகளிடம் அதைச் சொல்லுங்கள், மீதியை அவளே பிடித்துக்கொள்வாள்.

டீஃபோ எங்கே கேள்விப்பட்டார் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவர் காலத்தில் எல்லோரும் படித்த பயணக் கதை ஒன்றில் இதுபோன்ற ஒரு சந்திப்பு இருக்கிறது. கிரூசோவுக்கு மூலம் என்று எல்லோரும் சொல்வது அலெக்சாண்டர் செல்கர்க், ஸ்காட்லாந்து மாலுமி, 1704 முதல் 1709 வரை சிலிக்கு எதிரே ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவில் தனியாக இருந்தவர். அதே தீவில் அவருக்கு முன்பே வில் என்ற மிஸ்கிட்டோ இந்தியர் (மத்திய அமெரிக்கப் பழங்குடி) மூன்று வருடத்துக்கு மேல் தனியாக இருந்திருக்கிறார். 1681-இல் அவர் ஆடு வேட்டைக்குக் காட்டுக்குள் போயிருந்தபோது, ஸ்பானியக் கப்பல்கள் வருவதைப் பார்த்து, அவரோடு வந்த ஆங்கிலக் கப்பல்காரர்கள் அவசரமாகக் கிளம்பிவிட்டார்கள். அவரிடம் இருந்தது ஒரு துப்பாக்கி, ஒரு கத்தி, கொஞ்சம் வெடிமருந்து, குண்டு. மருந்து தீர்ந்ததும் கத்தியில் பல் வெட்டி ரம்பமாக்கி, துப்பாக்கிக் குழாயையே துண்டு துண்டாக அறுத்து, தீயில் காய்ச்சிக் கல்லால் தட்டி, ஈட்டியும் தூண்டில் முள்ளும் செய்துகொண்டார். எஞ்சின்_அறை தம்பிக்கு இது பிடிக்கும்.

1684-இல் வேறொரு ஆங்கிலக் கப்பல் அங்கே வந்தபோது வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி அதில் இருந்தார், அவர்தான் எழுதிவைத்திருக்கிறார். கப்பலில் ராபின் என்ற இன்னொரு மிஸ்கிட்டோக்காரரும் இருந்தார். படகு கரை தட்டியதும் முதலில் குதித்து ஓடி, வில்லின் காலடியில் முகம் தரையில் படக் குப்புற விழுந்தார். வில் அவரைத் தூக்கி நிறுத்தித் தழுவிக்கொண்டார். அப்புறம் வில் அதே மாதிரி ராபினின் காலடியில் விழ, ராபின் அவரைத் தூக்கிவிட்டார். முதல் நாளே கப்பலைப் பார்த்துவிட்ட வில், இங்கிலீஷ்காரர்கள்தான் என்று ஊகித்து, காலையிலேயே மூன்று ஆட்டை அடித்துக் கீரையோடு சமைத்து வைத்திருந்தாராம், வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட.